ஈறும் குருத்தும்

இலக்கணம் நடத்துகிறவர்களுக்கு ஈறு என்ற சொல் அன்றாடம் வாயில் புழங்குவது. உயிரீறு, மெய்யீறு, மகர ஈறு, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். சொல்லின் கடைசியில் நிற்பது ஈறு. பல்லைச் சூழ்ந்து நிற்கும் சதைக்கும் நம் பக்கத்தில் அதே பெயர்தான். ஈழத்து நண்பர்கள் அதை முரசு என்பார்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நடத்தும் நாளில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் ஏதாவது பற்பசையின் பெயரைச் சொல்லுவான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு அடுத்த விதிக்குப் போவேன்.

ஆனால் இலக்கணத்துக்கும் பல்லுக்கும் உள்ள உறவு அந்தச் சிரிப்போடு முடிவதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், கொப்பூழிலிருந்து எழும் காற்று எழுத்தாக மாறும் இடங்களைக் கணக்கெடுக்கிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்கள். தகரமும் நகரமும் பிறக்க வேண்டுமானால், அண்ணத்தை ஒட்டிய பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து நன்றாகப் பொருந்த வேண்டும் என்கிறது அந்த நூல். அதாவது பல்லும் ஈறும் சேரும் இடம். தமிழ் என்ற சொல்லைத் தொடங்குவதற்கே நாம் நாவைக் கொண்டுபோய் வைப்பது அங்கேதான்.

இருபதாண்டுகளுக்கு மேலாக இதை ஒரு பாடமாக நடத்தி வருகிறேன். இது உடம்பைப் பற்றிய செய்தியும்கூட என்பதை எனக்குக் காட்டியவள் என் அக்கா.

*

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சேலையூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் இரண்டாண்டுகள் இருக்கின்றன. முப்பதாண்டுகளாகத் தாம்பரத்தின் குழந்தைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த வாய் அது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. சென்ற ஆண்டு அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தோன்றியது. வலி இல்லை. பிறகு அந்தப் பற்கள் இலேசாக ஆடத் தொடங்கின. தகரம் சொல்லும்போது காற்று பக்கவாட்டில் கசிந்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது ஒன்றாம் வகுப்பு.

ஆறு வயது என்பது பால்பல் விழும் வயதல்லவா? வகுப்பில் பாதிப்பேர் பொக்கைவாய். ஒரு பையன் இவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுதும் ஆடுதா? பயப்படாதீங்க, விழுந்துட்டா புதுசு வரும்" என்று தைரியம் சொன்னானாம். இதைச் சொல்லிச் சிரித்த அக்கா, சிரிப்பு அடங்கியதும் ஒரு துண்டறிக்கையை எடுத்து என்முன் வைத்தாள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் பல் மருத்துவமனையில் கொடுத்தது. ஸ்டெம் செல் முறையில் ஈறு நோய்க்கு நிரந்தரத் தீர்வு, கரைந்த எலும்பு மீண்டும் வளரும் என்றது அது. எல்லாப் பற்களுக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். மார்ச்சில் விழும் சீட்டுப் பணத்தை அதற்கென்றே மனத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"நீ படிச்சவன். இது நெசமாடா? எனக்கும் புதுசு வருமா?" என்றாள்.

நான் படித்தது தமிழ். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு வேறு யாரை அனுப்புவது? மறுநாள் அவளோடு நானும் போனேன். அந்த உயிரணுக்களை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டேன். "பேஷண்ட்டோட ரத்தத்துலேருந்துதான் சார். பத்து நிமிஷம் சுத்தி எடுத்து உள்ள வெச்சிருவோம்" என்றார் இளம் மருத்துவர். இனிமையான பையன். அவர் பொய் சொல்லவில்லை. துண்டறிக்கைதான் சொன்னது.

*

அதன்பின் ஒரு மாதம், தேர்வுத்தாள் திருத்தும் நேரம் போக, இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவ மாணவர்களாக இருக்கும் என் பழைய மாணவர் இருவர் கடினமான இடங்களை விளக்கினார்கள். எனக்குப் புரிந்ததை நம் நண்பர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஈறு நோய் என்று நாம் சொன்னாலும் கதையின் நாயகன் ஈறு அன்று. பல்லின் வேர் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி இருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் இழைப்படலம் இருக்கிறது. அதன் நார்கள் ஒருபுறம் வேரின் மேற்பூச்சிலும் மறுபுறம் எலும்பிலும் புதைந்து பல்லைத் தொட்டில்போல் தாங்குகின்றன. முறுக்கைக் கடிக்கும்போது பல் உடையாமல் இருப்பதற்கும், சோற்றில் ஒரு சிறு கல் இருந்தால் உடனே தெரிவதற்கும் இந்தப் படலமே காரணம்.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் இயல்பாகவே ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமாக உள்ளவர்களுக்கு அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அங்கே கிருமிப்படலம் சேர்ந்து கெட்டியாகி ஆண்டுக்கணக்கில் தங்கினால் உடம்பு அதை எதிர்த்துப் போரிடுகிறது. அந்தப் போரின் அழற்சியில், கிருமி செய்வதைவிடக் கூடுதலான சேதத்தை உடம்பே தனக்குச் செய்துகொள்கிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் தூண்டப்படுகின்றன. இழை அறுகிறது, எலும்பு தாழ்கிறது, பள்ளம் பையாக ஆழமாகிறது. பெரும்பாலும் வலியே இல்லாமல் இவ்வளவும் நடந்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது வேகமாக நடக்கும். ஈற்று அழற்சி பதிலுக்குச் சர்க்கரையையும் ஏற்றும். புகையும் புகையிலையும் இன்னும் மோசமாக்கும். 2010ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கிட்டவர்கள், உலகில் ஏறக்குறைய 74 கோடிப் பேருக்கு இந்நோய் முற்றிய நிலையில் இருந்ததாகச் சொன்னார்கள். பெரியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேர்.

வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் நோய் நிற்கும். ஆனால் போன எலும்பும் இழையும் தாமாகத் திரும்புவது அரிது. ஏன் என்ற கேள்விக்கு 1976இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் ஒரு விடை சொன்னார். புண் ஆறும்போது, அந்த வெற்றிடத்துக்கு எந்த உயிரணு முதலில் வந்து சேருகிறதோ அதுவே அங்கே என்ன வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கருத்து. ஈற்றின் மேல்தோல் அணுக்கள் வேகமானவை. அவை ஓடிவந்து வேரின்மேல் படர்ந்துவிடுகின்றன. இழையை உருவாக்க வல்ல அணுக்கள் நிதானமானவை. அவை வந்து சேரும்போது இடம் நிரம்பிவிடுகிறது. தாம்பரம் நிலையத்தில் காலை ஒன்பது மணி மின்ரயிலில் இடம் பிடித்தவர்களுக்கு இந்தக் கோட்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

1982இல் சுவீடனின் நைமனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு மனிதப் பல்லில் இதைச் செய்தே காட்டினார்கள். வடிகட்டும் தாள் போன்ற ஒரு மெல்லிய தடுப்பை வைத்து மேல்தோலை விலக்கி நிறுத்தினார்கள். நிதானமான அணுக்களுக்கு நேரம் கிடைத்தது. புதிய இழை முளைத்தது. இன்றும் பல் மருத்துவர்கள் தடுப்புச்சவ்வு வைத்துச் செய்யும் அறுவையின் தொடக்கம் அது.

*

மெதுவாக வருகிற அணுக்களுக்காகக் காத்திராமல், அவற்றையே வெளியில் பெருக்கிக் கொண்டுவந்து வைத்தால் என்ன? குருத்தணுக்கள் பேச்சு வருவது இந்த இடத்தில்தான். ஸ்டெம் செல்லுக்குத் தண்டணு, மூல உயிரணு என்றெல்லாம் தமிழில் பெயர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது குருத்தணு. முடிச்சூர்ப் பக்கம் இன்னும் மிஞ்சி நிற்கும் பனைகளைப் பார்த்தால் பொருத்தம் புரியும். பனையின் வளர்ச்சி முழுவதும் உச்சியில் உள்ள அந்த ஒரு குருத்தில் இருக்கிறது. ஓலை எத்தனை வெட்டினாலும் மரம் பிழைக்கும். குருத்துப் போனால் மரம் போயிற்று.

2003இல் அமெரிக்காவின் தேசியப் பல் ஆய்வு நிறுவனத்தில் இருந்த சாங்டாவ் ஷி, தம் ஆறு வயது மகளின் பால்பல் விழுந்தபோது அதனுள் இருந்த சிவந்த திசுவைக் கவனித்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார். அதில் குருத்தணுக்கள் இருந்தன. நம் வீடுகளில் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம். அவர் எறியாமல் திறந்து பார்த்தார். மறு ஆண்டு, 2004இல், அவருடைய குழுவினர் பிடுங்கப்பட்ட கடைவாய் ஞானப்பற்களின் வேரில் ஒட்டியிருந்த இழைப்படலத்திலிருந்தும் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, லான்செட் இதழில் எழுதினார்கள். அவற்றை எலிகளின் உடலில் வைத்தபோது வேரின் மேற்பூச்சையும் இழையையும் போன்ற ஓர் அமைப்பு உருவானது. குருத்து நம் வாயிலேயே இருக்கிறது, குப்பையில் போடும் ஞானப்பல்லில் இருக்கிறது என்பது சிறிய கண்டுபிடிப்பு அன்று.

பிறகு மனிதர்களிடம் சோதித்தார்கள். தோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒகானோ என்பவர் உருவாக்கிய ஓர் அழகான உத்தி உண்டு. உடற்சூட்டில் உயிரணுக்கள் ஒட்டி வளரும் ஒரு தட்டு. குளிரவைத்தால் பிடி தளர்ந்து, அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்தபடியே ஆடைபோல் முழுதாகக் கழன்று வரும். காய்ச்சிய பாலிலிருந்து ஏட்டைக் கலையாமல் எடுப்பதுபோல. இவாட்டாவும் அவர் குழுவினரும் நோயாளியின் சொந்தப் பல் இழையின் அணுக்களை இப்படி ஏடுகளாக வளர்த்து, மூன்று ஏடுகளை அடுக்கி வேரின்மேல் போர்த்தினார்கள். பத்து நோயாளிகள். 2018இல் முடிவுகள் வெளிவந்தன. தீங்கு ஏதும் நேரவில்லை. பைகளின் ஆழம் சராசரியாக 3 மில்லிமீட்டர் அளவு குறைந்தது, எலும்பு ஏறியது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அக்காவை உடனே கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே 2016இல் சீனாவின் சியான் நகரிலிருந்து வந்திருந்த இன்னோர் ஆய்வு. அங்கே நோயாளிகளை இரு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எலும்புத்தூள் நிரப்பும் வழக்கமான அறுவை மட்டும். மறு பிரிவுக்கு அதனுடன் சொந்தக் குருத்தணுக்களின் ஏடும். ஓராண்டு கழித்து அளந்தபோது இரு பிரிவினருக்குமே எலும்பு ஏறியிருந்தது. இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தோக்கியோவில் ஒப்பிடுவதற்கு மறுபிரிவு இல்லை. சியானில் இருந்தது. எல்லாம் அந்த மறுபிரிவில் இருக்கிறது.

*

தாம்பரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகத் தொலைவு போக வேண்டாம். 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருப்பதும், ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்திருப்பதும் அதுதான். அன்று காசத்துக்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல். அதுவரை நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, மரங்கள் சூழ்ந்த தனிமை இவையே மருத்துவம். மருந்துகள் வந்தபின்பும், சானடோரியத்தின் காற்றும் ஓய்வும் இல்லாமல் நோய் தீராது என்பதே உலகின் பொதுவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது நம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பியது. மற்றவர்களை அவரவர் நெரிசலான வீட்டிலேயே வைத்து அதே மருந்துகளைக் கொடுத்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் அவர்களுக்கு இணையாகவே குணமடைந்திருந்தார்கள். உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஆய்வு அது. சானடோரியத்தில் குணமானவர்கள் பொய் சொல்லவில்லை, குணமானது உண்மைதான். எதனால் குணமானார்கள் என்பதை மறுபிரிவு சொன்னது.

ஈற்றுக் குருத்தணு இன்று அந்த நிலையில் இருக்கிறது. அது பொய் என்று சொல்லிவிட முடியாது. எளிய முறைகளை அது மிஞ்சுகிறது என்றும் சொல்ல முடியாது. இந்தியாவிலும் உழைக்கிறார்கள். கர்நாடகத்தின் தாவணகெரே பல் மருத்துவக் கல்லூரியில் வந்தனாவும் ஷாலினியும், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் பெருஞ்செலவைத் தவிர்த்து, நோயாளியின் பிடுங்கிய பல்லிலிருந்து இழைத் திசுவைச் சுரண்டி அப்போதே பள்ளத்தில் வைக்கும் முறையைச் சோதித்து 2018இல் எழுதினார்கள். நம் நாட்டுக்கு ஏற்ற சிந்தனை என்று எனக்குப் பட்டது. ஆனால் அதுவும் ஆய்வுதான்.

சட்டத்தின் நிலை தெளிவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட குருத்தணு வழிகாட்டு நெறிகளின்படி, ஏற்பளிக்கப்பட்ட நோய்கள் தவிர மற்றவற்றுக்குக் குருத்தணுவைப் பதிவுபெற்ற ஆய்வின் பகுதியாக மட்டுமே கொடுக்கலாம். ஏற்பளிக்கப்பட்டவை பெரும்பாலும் இரத்தம் சார்ந்த நோய்கள், எலும்பு மஜ்ஜை மாற்றிச் செய்பவை. ஈறு நோய் அவற்றில் இல்லை. ஆய்வுக்கு வருகிறவரிடம் சிகிச்சைக்கென்று பணம் வாங்கக் கூடாது. தொப்புள்கொடி இரத்தம் தவிர, பால்பல்லின் திசு போன்ற பிறவற்றை வணிகமாகச் சேமித்து வைக்கவும் அந்நெறிகள் இடம் தருவதில்லை. மகளின் பால்பல்லைச் சேமிக்க ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள் என்று சென்ற மாதம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவருக்கும் இதுவே பதில். கூரைமேல் எறிவது இப்போதைக்கு இலவசம்.

*

அப்படியானால் அந்த இளம் மருத்துவர் இரத்தத்தைச் சுற்றி எடுத்து வைப்பதாகச் சொன்னது என்ன? அதன் பெயர் பி.ஆர்.எஃப். 2001இல் பிரான்சில் ஷூக்ரூன் என்பவர் அறிமுகப்படுத்தியது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தை உறைவு தடுக்கும் மருந்து சேர்க்காமல் உடனே சுழற்றினால் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி சேரும். அதில் ஃபைப்ரின் வலையும் தட்டணுக்களும் இருக்கும். தட்டணுக்கள் விடும் வளர்ச்சிப் பொருள்கள் புண் ஆற உதவும். பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஷர்மாவும் பிரதீப்பும் செய்து 2011இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், வெறும் அறுவையைவிட இதைச் சேர்த்துச் செய்தபோது எலும்புப் பள்ளம் கூடுதலாக நிரம்பியது. நல்ல முறை, மலிவான முறை. தேவையானவை ஒரு சுழலியும் சில கண்ணாடிக் குழாய்களும்தான். அதைக் குருத்தணு என்று பெயர் மாற்றினால் விலை மாறிவிடுகிறது. அவ்வளவுதான் நடந்தது.

சொற்களோடு வாழ்கிறவர்களுக்கு இது எரிச்சல் தரும் விஷயம். ஒரு சொல்லை அதற்குரிய பொருளிலிருந்து கழற்றி வேறொன்றின்மேல் மாட்டுவது வகுப்பில் நடந்தால் சிவப்பு மையால் சுழித்துவிடலாம். துண்டறிக்கையில் நடந்தால் ஓர் ஆசிரியையின் சீட்டுப் பணம் போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் நண்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அணுக்களை என் உடம்பின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்து எங்கே வளர்க்கிறீர்கள்? இது ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? ஆய்வு என்றால் ஏன் பணம் கேட்கிறீர்கள்? மூன்றும் நாகரிகமான கேள்விகள். குரலை உயர்த்தாமல் கேட்கலாம்.

*

அக்காவிடம் இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப எப்போ வரும் அது?" என்றாள். பத்தாண்டுகள் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றேன். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான்டா" என்றாள். ஓய்வைத்தான் சொன்னாள். இருந்தாலும் அந்த வாக்கியம் எனக்குப் பல நாள் உறுத்தியது. அறிவியல் தனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆடுகிற பல்லோடு தினமும் தகரம் சொல்லித்தர வேண்டியவளுக்கு அது எந்த ஆறுதலும் தருவதில்லை. துண்டறிக்கைகள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

புறநகரில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனோம். ஈறு நோய்ப் பிரிவில் முதுகலை படிக்கும் ஒரு பெண், ஒவ்வொரு பல்லையும் ஆறு இடங்களில் அளந்து எண்களைச் சொல்ல, இன்னொருத்தி எழுதிக்கொண்டாள். முன்பற்களில் 7 மில்லிமீட்டர். நான்கு அமர்வுகளில் வேர் வரை சுத்தம் செய்தார்கள். சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் அறுவை என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். மூன்று மாதச் சராசரி 9.4 இருந்தது. அரிசியைக் குறைத்து, மாத்திரை மாற்றி, சேலையூர் ஏரிக்கரையில் நடந்து 7.2க்குக் கொண்டுவந்தாள். கீழ்வரிசையில் இரண்டு பற்களைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். மேல்வரிசையில் ஈற்றைத் திறந்து அறுவை செய்தபோது ஓரிடத்தில் அந்த மஞ்சள் கட்டியையும் வைத்தார்கள். "இது ஸ்டெம் செல்லா?" என்று அக்கா கேட்க, "இல்லம்மா, உங்க ரத்தம்தான், பி.ஆர்.எஃப்." என்றாள் அந்தப் பெண். அதே பொருள், தன் சொந்தப் பெயரில். மொத்தச் செலவு சீட்டுப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆறு மாதம் கழித்து அளந்தபோது 7 இருந்த இடத்தில் 4 இருந்தது. முன்பற்களைப் பின்புறமாக ஒரு மெல்லிய கம்பியால் இணைத்திருக்கிறார்கள். ஆட்டம் நின்றுவிட்டது. தகரம் ஏறக்குறைய பழையபடி வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், வாழ்நாள் முழுவதும். போன எலும்பு முழுதாகத் திரும்பவில்லை. அதை யாரும் அவளுக்கு வாக்களிக்கவும் இல்லை.

பிடுங்கிய அந்த இரண்டு பற்களை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். குப்பைக்குத்தான் போயிருக்கும் என்றாள். அவற்றின் வேரிலும் கொஞ்சம் குருத்து ஒட்டியிருந்திருக்கும். ஒருநாள் அதை எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வார்கள் என்றே நம்புகிறேன். இப்போது அவளிடம் அகரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐம்பது வயது ஆவதற்குள் மறுபிரிவோடு ஒப்பிட்டு, ஐயமற நிரூபித்த ஒரு சிகிச்சை அதன் சரியான பெயரோடு வந்திருக்கலாம்.

"வரட்டும். இருக்குற பல்லை வெச்சுக்கிட்டு நான் ரிட்டயர் ஆயிடுவேன்" என்கிறாள் அக்கா.